ஓர் ஊரணியில் இருபது மீன் பிடித்தால் மாதிரி அளவு இருபதா?

காரைக்குடிப் பக்கம் விலங்கியல் படிக்கும் மாணவர் ஒருவர், ஊரணி ஜிலேபிக் கெண்டையைவிடக் கண்மாய் ஜிலேபிக் கெண்டை நீளமா என்று ப்ராஜெக்ட் எடுக்கிறார் என்று வையுங்கள். அருமையான கேள்வி. ஆனால் ஓர் ஊரணியில் இருபது, ஒரு கண்மாயில் இருபது என்று அளந்து, இரு சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட் போட்டு, பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தது, அதாவது வேறுபாடு தற்செயலானதாகத் தெரியவில்லை என்று எழுதினால் அத்தனை உழைப்பும் வீண்.

கேள்வி நீர்நிலைகளைப் பற்றியது. ஓர் ஊரணியின் மீன்களெல்லாம் ஒரே தண்ணீர், ஒரே தீனி, ஒரே நெருக்கடியில் வளர்ந்தவை. ஆகவே அங்கே மாதிரி அளவு, அதாவது ஒன்றையொன்று சாராத மாதிரிகளின் எண்ணிக்கை, 1. இன்னும் நூறு மீன் பிடித்தாலும் 1 தான். இந்தப் பிழையைத்தான் 1984-இல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 'சூடோ ரெப்ளிகேஷன்' (போலி மறுமாதிரி) என்று பெயர் சொல்லிக் கண்டித்தார். உயிரியல் ஆய்வுகளில் இன்றும் அது ஓயவில்லை. ஒரே தொட்டிச் செடியில் முப்பது இலை பறிப்பதும் இதே கதைதான்.

ஐந்து ஊரணி, ஐந்து கண்மாய் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து மீன் அளந்து, நீர்நிலைக்கு ஒரு சராசரி. டெஸ்ட் அந்தப் பத்து சராசரிகளுக்குத்தான். உதாரணமாக, ஊரணிச் சராசரிகள் 8.1, 9.4, 7.6, 8.8, 9.1 செ.மீ. என்றால் மொத்தச் சராசரி 8.6. விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 2.18, அதை 5-ஆல் அல்ல, ஒன்று குறைத்து 4-ஆல் வகுக்க வேண்டும். அதன் வர்க்கமூலம்தான் திட்டவிலக்கம், 0.74. அதை √5-ஆல் வகுத்தால் திட்டப்பிழை 0.33. எக்செல்லில் எஸ்டிடெவ்.பி (STDEV.P) ஃபார்முலா கொடுத்தால் 5-ஆல் வகுத்து 0.66 காட்டும், உங்களுக்கு வேண்டியது எஸ்டிடெவ்.எஸ் (STDEV.S).

வரைபடத்தில் சராசரிக்கு மேலும் கீழும் எரர் பார் கோடு போடும்போது அது திட்டவிலக்கமா, திட்டப்பிழையா என்று கட்டாயம் எழுதுங்கள். சின்னதாகத் தெரிகிறது என்பதற்காகத் திட்டப்பிழையைப் போடுவது சரியல்ல. நீர்நிலைக்கு நீர்நிலை உள்ள வேறுபாட்டைச் சொல்வது இங்கே திட்டவிலக்கம். சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்வது திட்டப்பிழை.

எண்ணிக்கை சரியாக இருந்தும் அளவீடு கெடுவது உண்டு. ஊரணியில் சின்னக் கண்ணி வலை, கண்மாயில் பெரிய கண்ணி வலை என்றால் நீளத்தைத் தீர்மானிப்பது வலைதான். இரண்டிலும் ஒரே வலை வீசுங்கள். வால் துடுப்பின் நுனிவரை அளப்பதா, அடிவரை அளப்பதா என்பதையும் முதல் மீனுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

நூறு மீன் அளவையும் தனித்தனியே பயன்படுத்த ஆசையிருந்தால் வழி உண்டு: இலவச மென்பொருளான ஆர்-இல் நீர்நிலையை ரேண்டம் எஃபெக்ட்டாக வைத்து, அதாவது ஒரே நீர்நிலை மீன்கள் ஒரு குழு என்று கணக்கில் கொண்டு, மிக்ஸட் மாடல் போடலாம். அதற்கும் பல நீர்நிலைகள் வேண்டும்.