ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் வடிகட்டாதீர்கள், கிளம்புங்கள்

மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலைக் கிராமங்களுக்கு நிலச்சரிவு அபாயத்தை ஆய்வு செய்யப் போனால் நான் முதலில் கேட்பது, "குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்றுதான். பல ஊர்களில் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் ஊற்றைக் காட்டுவார்கள். எனக்கு வேண்டிய பாதி விவரம் அங்கேயே கிடைத்துவிடும்.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்த பாறைதான் இந்த மலை. தக்காண ட்ராப் என்பார்கள். 'ட்ராப்' என்பது படிக்கட்டைக் குறிக்கும் ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மலை அப்படித்தான் தெரியும். கெட்டியான அடுக்கு செங்குத்தாக நிற்கும். வாயுக் குமிழிகளால் துளை விழுந்த அடுக்கு நைந்து சாய்ந்து கிடக்கும். அடுக்குகளுக்கு நடுவே சில இடங்களில் செங்கல் நிறத்தில் களிமண் படலம் ஒன்று இருக்கும். கோடையில் தொட்டால் கல் மாதிரிதான். ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். குமிழி விட்டு, உதிர்ந்து, சேறாக அடியில் படிந்தது.

மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே இறங்கி, இந்தப் படலத்தைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் கசிகிறது. அதுதான் ஊற்று. ஊற்று இருக்கும் படியில்தான் மண் சேரும், நெல் விளையும், ஊர் அமையும். விடாத மழையில் அதே தண்ணீர் மண்ணுக்குள் தேங்கி, பாறைமேல் மண்ணுக்கிருந்த பிடியைத் தளர்த்துகிறது; மண் சரிகிறது.

புணே மாவட்டத்தின் மாளின் கிராமம் 2014 ஜூலை 30 காலை அப்படிப் புதைந்தது. இறந்தவர்கள் 150 பேருக்கு மேல். வழக்கமாக வரும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் ஊரையே காணாமல் தகவல் சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. 2021இல் தளியே, 2023இல் இர்ஷால்வாடி. இர்ஷால்வாடியில் சரிந்தது ராத்திரியில்.

ராய்கட் மாவட்டத்தில் ஓர் ஆஜி, அதாவது பாட்டி, ஊற்றைக் காட்டிச் சொன்னார்: "நாலு நாள் மழை பிடித்தால் இது டீத்தண்ணி மாதிரி வரும்."

"அப்போது என்ன செய்வீர்கள், ஆஜி?"

"துணியில் வடிகட்டிக் குடிப்போம்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, நின்றாலோ, புது இடத்தில் பீறிட்டாலோ, மேலே மண் நகர ஆரம்பித்திருக்கலாம். வயலில் பிறை வடிவில் வெடிப்பு விட்டாலும், நேற்றுவரை மூடிய கதவு இன்று இடித்தாலும் அப்படித்தான். அதிகாரிகள் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே, ஓடை வழியாக இறங்காமல், பக்கவாட்டில் நடந்து சரிவின் பாதையை விட்டு விலகிவிடுங்கள். மழை விட்டதும் உடனே திரும்பாதீர்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் வடிய நாளாகும்.