ஐ.சி.யு. தாதியரின் மேற்படிப்பு: காசு கட்டமுதல் கடிதத்தை வாங்குங்கள்

வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் ஐ.சி.யு.வில் நின்ற தங்கச்சி ஒருத்தி ஒரு ஃபைலோடு என்னிடம் வந்தாள். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால், டொக்டர் வருமுன்னே குழாயில் சளி அடைத்திருக்கிறதா, இணைப்புக் கழன்றிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்கிற கை அது. தீவிர சிகிச்சைத் தாதியத்தில் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்திருந்தாள். 'தகைமை போதாது' என்று ஒரே வரியில் பதில். அவளிடம் இருந்தது தாதியர் பயிற்சிக் கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமா.

அதிகம் பேர் விழுகிற குழி இதுதான். எஸ்.எல்.கியூ.எப். என்று சொல்லும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டம் 5ஆம் அல்லது 6ஆம் மட்டம், பட்டமேல் டிப்ளோமா 8, மாஸ்டர்ஸ் 9 அல்லது 10. பயிற்சிக் கல்லூரி டிப்ளோமா மூன்று வருடம் என்றாலும் பட்டம் ஆகாது. சுகாதார அமைச்சு தருகிற ஐ.சி.யு. பயிற்சிச் சான்றிதழும் அப்படித்தான். வேலைக்கு உதவும், பட்டத்தின் இடத்துக்கு வராது. ஆகவே முதலில் தாதிய விஞ்ஞானமாணி, அதாவது தாதியத்தில் பி.எஸ்சி. பட்டம். வேலையில் இருப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தைத் தருகிறது, யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையமும் உண்டு. எந்த வகுப்பு யாழ்ப்பாணத்தில், எதற்குக் கொழும்பு போகவேண்டும் என்பதைப் பதியமுதல் கேட்டு எழுதி வையுங்கள்.

சரி, பட்டம் இருக்கிறது, தெரிவுக் கடிதமும் வந்துவிட்டது என்று வைப்போம். அடுத்தது லீவு. 'சனி, ஞாயிறு வகுப்புத்தானே, கற்கை விடுமுறை எதற்கு?' என்று கந்தோரில் கேட்பார்கள். கேட்பவருக்குச் சனி, ஞாயிறு லீவு. உங்களுக்கு? காலை 7 முதல் 1, பகல் 1 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7 என்று ஓடுகிற ரோஸ்டரில் கிழமை நாள், வார இறுதி என்று இரண்டு சாதி நாள் இல்லை. வருடத்துக்கு 21 நாள் தற்செயல் லீவு, 24 நாள் ஓய்வு லீவு. வருடத்தில் சனியும் ஞாயிறும் மட்டும் 104 நாள். வெள்ளி இரவு 7 மணிக்கு டியூட்டி முடித்து, கிளிநொச்சியில் பஸ் ஏறி, விடியக் கொழும்பில் முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனவர்கள் உண்டு. இரண்டு மாதம் தாங்கும். அதற்குப்பிறகு டியூட்டி மாற்றித் தந்த சிநேகிதியே முகம் திருப்புவாள்.

படிப்பு நேரத்தையும் கணக்குப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். ஆய்வோடு சேர்ந்த மாஸ்டர்ஸ் 60 கிரெடிட், அதாவது 3000 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 29 மணித்தியாலம் போகும்.

ஆகவே மேட்ரனின் வாய்ச்சொல்லை நம்பிக் காசு கட்டாதீர்கள். மேட்ரன் நல்லவராகவே இருப்பார், அடுத்த மாதம் இடமாற்றத்தில் போய்விடுவார். வகுப்பு நாட்களை எழுதி, அந்த நாட்களில் டியூட்டி ஓஃப் தரவேண்டும் என்று கேட்டு, ஆஸ்பத்திரித் தலைவரின் கையெழுத்தோடு பதில் வாங்குங்கள். முழுநேரப் படிப்பென்றால் சம்பளத்தோடா, சம்பளமில்லாமலா, திரும்பி வந்து எத்தனை வருடம் சேவை செய்யவேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குப் பிணை நிற்கும்படி நீங்கள் கேட்கிற ஆளுக்கும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

விண்ணப்பம் 'உரிய அலுவலர் ஊடாக' என்று வந்தால் பயணம் நீளம். மாகாண ஆஸ்பத்திரியென்றால் விடுதிப் பொறுப்பாளர், மேட்ரன், பணிப்பாளர், பிராந்தியப் பணிமனை, யாழ்ப்பாணத்தில் மாகாணப் பணிமனை, அப்புறம் கொழும்பு. முடிவுத் திகதிக்கு மூன்று வாரம் இருக்கும், ஃபைல் இரண்டாவது மேசையில் தூங்கும். முற்பிரதியை, அதாவது மூலப்பிரதி வருமுன் நேரே அனுப்பும் பிரதியை, ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். ஏற்பார்களென்றால் 'மூலப்பிரதி உரிய வழியில் வருகிறது' என்று எழுதி நேரே அனுப்புங்கள். ஒவ்வொரு மேசையிலும் உங்கள் கொப்பியில் திகதி முத்திரை குத்துவியுங்கள். பதிலே வரவில்லையா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஃபைல் எங்கே நிற்கிறது என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்லவேண்டும். அந்தக் கடிதம் போனதுமே காணாமல்போன ஃபைல் மேசைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அனுபவக் கடிதத்தில் இன்னொரு வில்லங்கம். நியமனக் கடிதத்தில் 'தாதிய உத்தியோகத்தர்' என்று மட்டும்தான் இருக்கும். எந்த விடுதியில் எத்தனை வருடம் என்று பேர்சனல் ஃபைலில் தேடினாலும் கிடைக்காது. இன்றைக்கு ஐ.சி.யு., நாளைக்கு ஆளில்லை என்று சத்திரசிகிச்சை விடுதி. இடமாற்றம் கிடைத்த அன்றே, பழைய ஆஸ்பத்திரியை விட்டுப் போகுமுன், 'தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை' என்று எழுதி வாங்குங்கள். ரோஸ்டரையும் மாதாமாதம் படம் எடுத்து வையுங்கள்.

2009இல் யுத்தத்தின்போது பெட்டியோடு சான்றிதழ்களை விட்டுவிட்டு வந்தவர்கள் இன்னும் நம்மிடையே சேவையில் இருக்கிறார்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடமும், பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். விளம்பரம் வரும்வரை காத்திராமல் இப்போதே எடுங்கள். அடையாள அட்டையில் ஒரு முதலெழுத்து, தாதியர் பேரவைப் பதிவில் இன்னொன்று, கலியாணத்துக்குப் பிறகு மூன்றாவது என்று இருந்தால் சத்தியக்கடதாசியும் தேவைப்படும்.

'ஒன்லைன் மாஸ்டர்ஸ், பட்டம் தேவையில்லை, தவணையில் கட்டலாம்' என்று தொலைபேசியில் இனிக்கப் பேசுகிற முகவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா? அவர் 'ஓம்' என்றாலும் ஆணைக்குழுவுக்கே எழுதிப் பதில் வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.