பன்னிரண்டரை மணிக்கு ஹெச்.எம். எங்கே இருந்தார்?

போன வாரம் ஒரு பிளே ஸ்கூலில் இருந்து போன். மூன்று வயதுக் குழந்தை ஒன்று சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால் தூங்கிப்போயிருக்கிறது. பன்னிரண்டரைக்கு வகுப்பைப் பூட்டிவிட்டார்கள். வேனில் பிள்ளை வரவில்லையே என்று அம்மா பதறிப் பேசிய பிறகுதான் கதவைத் திறந்திருக்கிறார்கள். நாற்பது நிமிடம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அழுது அழுது தொண்டை மட்டும் கட்டியிருந்தது. இந்தக் கல்வியாண்டில் இப்படி என் காதுக்கு வந்தது இது மூன்றாவது.

தாளாளர் உடனே இரண்டு காரியம் செய்தார். ஆயாவை வேலையை விட்டு நிறுத்தினார். நான்கு கேமராவுக்குச் சொல்லிவிட்டார். அப்புறம், ஆசிரியைகளுக்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். "பயிற்சி உங்களுக்கும் ஹெச்.எம்.முக்கும்தான் சார் வேண்டும்" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

அந்த ஹெச்.எம். அருமையான ஆசிரியை. தரையில் உட்கார்ந்தால் போதும், குழந்தைகள் மடியில் ஏறிக்கொள்ளும். அதற்காகவே அவரை ஹெச்.எம். ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். 'குழந்தைகள் என்றால் உயிர், டிப்ளமோ இருக்கிறது, பத்து வருட அனுபவம், வேறென்ன வேண்டும்?' வேறு நிறைய வேண்டும். வீட்டில் நாலு பேருக்கு ருசியாகச் சமைப்பவரிடம் கல்யாணச் சமையலை ஒப்படைப்போமா? மாண்டிசோரி டிப்ளமோவோ இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் டிப்ளமோவோ நல்ல படிப்புகள்தான், ஆசிரியைகளை நானே சேரச் சொல்கிறேன். அவை குழந்தையைப் புரிந்துகொள்ளச் சொல்லித்தரும். காலை எட்டே முக்காலுக்கு இரண்டு ஆயாக்கள் லீவு சொன்னால் யாரை எங்கே நிறுத்துவது, 'மூன்றரை வயதாகிறது, இன்னும் எழுதவில்லையே' என்று சண்டைக்கு வரும் அப்பாவிடம் ஆசிரியையை விட்டுக்கொடுக்காமல் எப்படிப் பேசுவது, புது ஆசிரியையின் வகுப்பில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் மனம் நோகாமல் என்ன சொல்வது என்பதெல்லாம் தனித் தொழில். அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும். 1975-ல் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். என்கிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒரு பயிற்சி, மேற்பார்வையாளருக்கு வேறு பயிற்சி. அங்கன்வாடி என்றாலே உதட்டைப் பிதுக்கும் தனியார் பள்ளிக்காரர்கள் இதையாவது பார்த்துக் கற்கலாம்.

மூன்று முதல் ஆறு வயது வரை 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குக் கீழே 10 பேருக்கு ஒருவர் என்கிறது சிறு குழந்தைகளின் பராமரிப்பு, கல்விக்கான 2013-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை. அந்தப் பள்ளியின் பதிவேட்டில் கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் பன்னிரண்டரைக்கு ஒரு ஆசிரியை வேன் வாசலில். ஆயா பாத்ரூமில் ஒரு பிள்ளைக்கு உடை மாற்றிக்கொண்டிருக்கிறார். ஹெச்.எம். ஆபீசில் அட்மிஷன் பேசிக்கொண்டிருக்கிறார். வகுப்பில் 26 பேருக்கு ஒரே ஆசிரியை. கேமரா இதைப் படம் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

தயவுசெய்து பதிவேட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சாப்பாட்டு நேரம், பாத்ரூம் நேரம், வேன் நேரம் மூன்றிலும் வகுப்பு வாசலில் நின்று தலையை எண்ணுங்கள். குழந்தை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போகும்போதெல்லாம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எண்ண வேண்டும். பூட்டுகிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும், பாய், திரை, பாத்ரூம் எல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். வேன் கிளம்பும் வரை அட்மிஷன் பேச்சு வேண்டாம், வருகிற பெற்றோர் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். ஹெச்.எம். ஆக்கப்போகும் ஆசிரியையை முதலில் மூன்று மாதமாவது நன்றாக நடக்கும் இன்னொரு பள்ளியின் ஹெச்.எம். கூடவே இருக்க விடுங்கள்.

ஆயாக்களையும் மீட்டிங்கில் உட்கார வையுங்கள், நாற்காலி போட்டு. வேன் நேரத்தில் ஆள் போதவில்லை என்று அந்த ஆயா ஜூலையிலேயே சொல்லியிருக்கிறார். யாரும் எழுதி வைக்கவில்லை. அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று தாளாளரிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.