மலையில் கால் உடைந்தால், டோலி வரும்வரை

கோவை வெள்ளியங்கிரியில் மலையேறும் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் எலும்பு முறிவுப் பிரிவுக்குக் கணுக்கால்கள் வர ஆரம்பித்துவிடும். ஏறும்போது விழுகிறவர்கள் குறைவு. ராத்திரி முழுக்க ஏழு மலையும் ஏறி, விடியற்காலையில் சாமி பார்த்துவிட்டு, தூக்கமில்லாமல் வெடவெடக்கிற தொடையோடு இறங்கும்போதுதான் பெரும்பாலும் வழுக்குகிறது.

விழுந்ததைவிட அப்புறம் நடப்பதுதான் எனக்குக் கவலை. கூட வந்தவர்கள் பதறிப்போய் ஆளுக்கொரு தோள் கொடுத்து, பாதம் தொங்கத் தொங்க நடத்தியே இறக்கிவிடுகிறார்கள். உடைந்த எலும்பின் முனை ஒவ்வொரு படியிலும் உள்ளிருந்து தோலைக் குத்தும். மேலே தோல் கிழியாமல் இருந்த முறிவு அடிவாரம் வருவதற்குள் எலும்பு வெளியே தெரிகிற முறிவாகி, சீழ், மறுபடி ஆபரேஷன் என்று இழுத்துக்கொண்டே போகும்.

கையில்தான் மூங்கில் தடி இருக்கிறதே! இரண்டு தடிகளைக் காலின் இருபக்கமும் வைத்து, இடைவெளியில் துண்டை மடித்துத் திணித்து, வேட்டியைக் கிழித்துக் கட்டுங்கள். தடி தொடை வரை நீண்டாலும் பரவாயில்லை, உடைந்த இடத்தின் மேல் மட்டும் முடிச்சு வேண்டாம். கட்டியதும் கால்விரல் நகத்தை ஒருமுறை அழுத்திவிட்டு விரலை எடுங்கள். வெளுத்த நகம் இரண்டு மூன்று நொடியில் சிவக்காவிட்டால் கட்டைத் தளர்த்த வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள், உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் அவசர உதவி எண் 112-க்கு முயன்று பாருங்கள், வேறு நிறுவனத்தின் டவர் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. பேச முடியாத இடத்திலும் சில நேரம் எஸ்எம்எஸ் போய்விடும். "ஆறாவது மலை, ஆண்டிச் சுனைக்குக் கீழே, நடக்க முடியவில்லை" என்று சொன்னால் தேடுகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். அனுமதியில்லாத காட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டவர்கள் கேஸ் போடுவார்களோ என்று பயந்து போன் செய்யாமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். அபராதம் கட்டிக்கொள்ளலாம், கூப்பிடுங்கள்.

கூப்பிட்டாலும் டோலி ஏறி வர மணிக்கணக்காகும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயின்போது விமானப்படை ஹெலிகாப்டர்களே வந்தன, ஆனாலும் பலரைச் சுமந்து இறக்கியது மனிதத் தோள்கள்தான். டோலி வரும்வரை குளிர் சும்மா இருக்காது. வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றி, பாறைக்கும் உடம்புக்கும் நடுவே பையையோ சாக்கையோ விரியுங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது.

எத்தனை மணிக்கு விழுந்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் கேட்கப்போவது இதைத்தான்.