அரிசி மூட்டைக்குள் ஒரு துணி முடிச்சு

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஒரே ஆட்டோவிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். கணவன், மனைவி, கணவனின் தாயார், எட்டு வயதுப் பையன், நான்கு வயதுப் பெண் குழந்தை. எல்லோருக்கும் வாந்தி, எல்லோருக்கும் தலைவலி. குழந்தை அப்பாவின் தோளில் துவண்டு கிடந்தாள்.

"ராத்திரி கடையில் புரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம், டாக்டரம்மா. அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் அந்தத் தகப்பன். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சலும் இல்லை. சிறுமியின் கை கால்கள் சில்லிட்டிருந்தன, நாடி பிடிபடவில்லை. பாட்டியிடம் தனியாகக் கேட்டேன். "நான் எங்கே அம்மா புரோட்டா தின்னப் போகிறேன்? எனக்குப் பல்லே இல்லை. இரண்டு இட்லிதான்" என்றார். அவரும்தான் நான்கு முறை வாந்தி எடுத்திருந்தார்.

ஐந்து பேரும் ஒரே உணவை உண்ணவில்லை என்றால், வேறு எதை ஐவரும் பகிர்ந்துகொண்டார்கள்? எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் கூடத்தில். கொசுவுக்காகச் சன்னலை அடைத்திருந்தார்கள். கூடத்தில் வேறு என்ன இருக்கிறது என்றதும் குழந்தைகளின் தாய், "ஊரிலிருந்து வந்த அரிசி. நான்கு மூட்டை" என்றார். பிறகு அவராகவே, "வண்டு வரக் கூடாதென்று மூட்டைக்கு ஒரு மாத்திரை, துணியில் முடிந்து உள்ளே வைத்தேன்" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் அந்த முடிச்சுகளில் ஒன்றை ஒரு பையில் போட்டு எடுத்துவந்தார். அதைக் கட்டடத்துக்குள் கொண்டுவர விடாமல் வெளியே வேப்பமரத்தடியில் வைக்கச் சொன்னோம். பச்சைக் கரை போட்ட பழைய சேலைத் துண்டு. வெள்ளைப் பூண்டு நெடி. உள்ளே மாத்திரை இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகைப் பொடிதான் இருந்தது. மாத்திரையில் இருந்தது முழுவதும் காற்றாகி வெளியேறிய பின் எஞ்சுவது அது.

அந்தக் காற்றின் பெயர் பாஸ்பீன். சிறுமி அன்று மாலை இறந்தாள். மற்ற நால்வரும் பிழைத்தார்கள். அந்தத் தாய் இன்றும் என்னிடம் மருத்துவத்துக்கு வருகிறார். அவர் செய்ததைத்தான் எங்கள் பக்கத்தில் ஆயிரம் வீடுகளில் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் வண்டு மாத்திரை, அரிசி மாத்திரை, நெல் மாத்திரை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுப்பது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்று ஏறக்குறைய 1 கிராம் வாயுவை வெளிவிடும். ஒரு கிராம்தானே என்று தோன்றும். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவும் சன்னலும் அடைத்திருக்க, ஒரு மாத்திரையின் வாயு முழுவதும் அதில் பரவினால், பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 25 பங்கு பாஸ்பீன் இருக்கும். கிடங்குகளில் வேலை செய்கிற, திடகாத்திரமான பெரியவர்கள் எட்டு மணி நேரம் சுவாசிக்கலாம் என்று வைத்திருக்கும் வரம்பு 0.3 பங்கு. 50 பங்கைத் தாண்டினால் உடனடி உயிராபத்து என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. நான்கு மாத்திரைக்கு எவ்வளவு என்பதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். அந்தக் கூடத்தில் படுத்திருந்தது கிடங்குத் தொழிலாளி அல்ல, நான்கு வயதுக் குழந்தை.

இந்த வாயு மூச்சைத் தடுப்பதில்லை. பிராணவாயு நுரையீரலுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் உடம்பின் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிடும். முதலில் தளர்வது இதயத் தசை. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பாம்புக் கடிக்கு இருப்பதுபோல ஒரு ஊசியைப் போட்டு முறிக்க வழியில்லை. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்போம், செயற்கைச் சுவாசம் கொடுப்போம், உடம்பு தானாக மீள்வதற்காகக் காத்திருப்போம். நாடித் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த மணிநேரங்கள் எந்த மருத்துவருக்கும் கொடுமையானவை.

"நெடி அடித்தால் தெரிந்துவிடுமே" என்பார்கள். பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற அந்த நெடி வாயுவோடு கலந்திருக்கும் மாசுகளால் வருவது. ஆபத்தான அளவு வாயு இருந்தும் நெடி தெரியாமல் போகலாம். தூங்குகிறவருக்கு எந்த நெடியும் தெரியாது.

அப்படியானால் அரசுக் கிடங்குகளில் இதைத்தானே பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், இதையேதான். ஆனால் அங்கே நெல் அடுக்கின் மேல் காற்றுப் புகாத விரிப்பைப் போர்த்தி, அதன் ஓரங்களை மணல் நிரப்பிய நீளப் பைகளால் தரையோடு அழுத்தி வைப்பார்கள். முகக்கவசம் அணிந்த, பயிற்சி பெற்றவர்கள் செய்வார்கள். வாசலில் எச்சரிக்கைப் பலகை தொங்கும். நாள் கணக்கில் மூடி வைத்து, பிறகு காற்றாட விட்டே ஆட்கள் உள்ளே போவார்கள். அந்தக் கட்டடத்தில் யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அலுமினியம் பாஸ்பைடை அரசுத் துறைகள், அரசு நிறுவனங்கள், அங்கீகாரம் பெற்ற வல்லுநரின் மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோருக்கு மட்டுமே விற்கலாம். 3 கிராம் மாத்திரைகள் பத்தும் இருபதுமாக அடைத்த குழாய்களுக்கு 2001-லேயே முழுத் தடை வந்துவிட்டது. ஆனாலும் சில கடைகளில் காகிதத்தில் மடித்து உதிரியாகத் தருகிறார்கள். வாங்குகிறவர் கையில் எச்சரிக்கை வாசகம்கூடப் போய்ச் சேர்வதில்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். நாடே பேசியது. சில வாரங்களில் பேச்சு அடங்கியது. கடைகளில் பொட்டலம் மடிப்பது அடங்கவில்லை.

நான் பிறந்தது விவசாயக் குடும்பத்தில். எங்கள் வீட்டுப் பத்தாயத்தில் ஓராண்டுக்கான நெல் கிடக்கும். எந்த மாத்திரையும் போட்டதாக நினைவில்லை. அந்தக் காலத்துக் கைமருந்தின் மகிமை என்று இதற்குக் காரணம் சொல்ல நான் வரவில்லை. காரணம் எளியது. பத்தாயத்தில் இருந்தது நெல், அரிசி அல்ல. உமி என்பது நெல்லின் கவசம். கவசம் உடையாத மணிக்குள் அரிசி வண்டு எளிதில் நுழையாது. வேண்டும்போது இரண்டு மரக்கால், மூன்று மரக்கால் என்று எடுத்து அவித்து, காயவைத்துக் குத்துவார்கள். இன்றைக்கு சம்பா அறுவடை முடிந்த கையோடு மொத்த நெல்லையும் மில்லில் அரைத்து, கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, அரிசியாக நகரத்து வாடகை வீட்டுக்கு ஏற்றி வருகிறோம். இரண்டு அறை வீட்டில் அரிசி மூட்டைக்கும் நமக்கும் ஒரே அறை. வண்டு வராமல் என்ன செய்யும்?

ஆகவே நிலம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நெல்லாகவே ஊரில் வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். விலைக்கு வாங்குகிறவர்கள், மலிவாகக் கிடைக்கிறதென்று ஆண்டுக்கான அரிசியை வாங்க வேண்டாம். 25 கிலோ சிப்பம் ஒன்று தீரும் தறுவாயில் அடுத்ததை வாங்கினால் போதும்.

"வாங்கும்போது சுத்தமாக இருந்ததே, வீட்டுக்கு வந்துதான் வண்டு பிடித்தது" என்று சொல்லாதவர் இல்லை. தாய் வண்டு அரிசி மணியில் துளையிட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையைத் தன் பசையால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளரும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு மாதம் போல ஆனதும் வண்டாக வெளியே வரும். அதாவது நீங்கள் பார்க்கும் வண்டு, பெரும்பாலும் மில்லிலோ கடையிலோ உள்ளே போனது. பயறு வண்டு வயலிலேயே வந்துவிடும். தட்டைப்பயறிலும் பாசிப்பயறிலும் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருக்குமே, அவை அதன் முட்டைகள்.

வண்டுக்கு எதிரி காய்ச்சல்தான், அதாவது தானியத்தின் காய்ச்சல். நெல் 14 விழுக்காட்டுக்கு மேல் ஈரமாக இருந்தால் எதைப் போட்டும் காப்பாற்ற முடியாது. நீண்ட நாள் வைப்பதானால் 12-க்கு இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் கருவி எதுவும் இல்லை. அம்மா ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில், கடுக்கென்று உடைந்தால் பத்தாயத்துக்கு. பருப்பையும் பயறையும் நல்ல வெயிலில் காயவைக்கலாம். அரிசியை உச்சி வெயிலில் போட்டால் விரிசல் விட்டு நொய்யாகும், நிழலில் காற்றாட உலர்த்தினால் போதும். வெயிலில் காய்ந்த பருப்பைச் சூடு ஆறும் முன் டப்பாவில் கொட்டி மூடிவிடாதீர்கள். உள்ளே வியர்க்கும். அந்த வியர்வையில்தான் பூஞ்சணம் தொடங்கும்.

காய்ந்த பிறகு மூடி இறுகிய பாத்திரம். எவர்சில்வர் டிரம்மானாலும் வாயகன்ற பிளாஸ்டிக் வாளியானாலும், கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். பூச்சியும் மூச்சு விடும். உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று தீர்ந்தால் அது பெருக முடியாது. பாதி காலியான டிரம்மைத் தினமும் நான்கு முறை திறந்தால் இந்தப் பயன் கிடைக்காது. அன்றாடச் செலவுக்குச் சின்ன டப்பா ஒன்றும், இருப்புக்குப் பெரியது ஒன்றும் தனித்தனியாக வையுங்கள். பழைய அரிசியின் மேலேயே புதியதைக் கொட்டுவது நம் எல்லா வீடுகளிலும் உள்ள பழக்கம். பழையதில் இருக்கும் வண்டுக்கு அது விருந்து. காலி செய்து, துடைத்து, வெயில் காட்டி, பிறகு கொட்டுங்கள். மூடியில் வாங்கிய தேதியைச் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். சாக்கு மூட்டையானால் மரப் பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ரவை, கோதுமை மாவு, பருப்பு போன்றவற்றைக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் நான்கு நாட்கள் வைத்தெடுத்தால் முட்டை உட்பட செத்துவிடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்று இருக்கிறது. தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றுத் தேடி அலையும் வண்டுகள் துளை வழியே உள்ளே விழுந்து அடியில் உள்ள கிண்ணத்தில் சேரும். மூட்டைக் கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு மிக உபயோகமானது.

போரிக் பவுடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசியிலும் துவரம் பருப்பிலும் அதைத் தூவிப் பிசறி வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உணவுப் பொருளில் அதைச் சேர்க்க நம் நாட்டில் அனுமதி இல்லை. கழுவினால் போய்விடும் என்ற நம்பிக்கையில் குழந்தைகளுக்குப் பருப்பு வேகவைக்காதீர்கள். பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வைக்கலாம், அதில் குறையில்லை. வேர்க்கடலையில் பூஞ்சணம் கண்டால் அதை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை வறுக்க வேண்டாம். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும்.

வண்டு விழுந்த அரிசியைப் புடைத்து, களைந்து சமைத்துச் சாப்பிட்டதால் யாரும் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்ததில்லை. முறத்தில் அரை மணி நேர வேலை அது.

இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டு மூட்டைக்குள் அப்படி ஒரு முடிச்சு இருந்தால், கையை விட்டு எடுக்கப் போகாதீர்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் முதலில் வெளியேற்றுங்கள். போகிற போக்கில் கதவையும் சன்னலையும் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். அடுக்குமாடி வீடானால் பக்கத்து வீட்டாரையும் எழுப்புங்கள், சுவர் விரிசல் வழியாகவும் குழாய்ச் சந்து வழியாகவும் வாயு போகும். தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊற்றினால் மிச்சமிருக்கும் வாயு மொத்தமாகக் கிளம்பும். 101-ல் தீயணைப்புத் துறையை அழையுங்கள். பொடி கையில் பட்டிருந்தால் உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

யாருக்காவது வாந்தி, தலைச்சுற்றல், நெஞ்சு இறுக்கம், இருமல் என்று ஒன்று தொடங்கியிருந்தாலும் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மயங்கியவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். மருத்துவமனையில் முந்தைய நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்பே, உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: "நாங்கள் படுத்திருந்த அறையில் அரிசிக்கு மாத்திரை வைத்திருந்தோம்."