இணையம் அறுந்த வீட்டில் திறந்த பக்கம்

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர், பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். மழைநீர் வடிகாலுக்காகத் தெருவில் பள்ளம் தோண்டியபோது ஃபைபர் கம்பி அறுந்து, அவர் வீட்டில் இரண்டு நாள் இணையம் இல்லை. ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. சேவை மையத்தில் பேசியவர், பிரவுசரின் முகவரிப் பட்டையில் 192.168.1.1 என்று தட்டச் சொல்லியிருக்கிறார். இணையமே இல்லாதபோது என்ன திறக்கப்போகிறது என்ற நம்பிக்கையின்மையோடு மடிக்கணினியில் தட்டிய ஆசிரியருக்கு, கண் இமைப்பதற்குள் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பக்கம் வந்து நின்றது. அது எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. தாம்பரத்தில் இருக்கும் அவருடைய தம்பி அதே எண்ணைத் தட்டினால் தம்பி வீட்டு ரூட்டரின் பக்கம் திறக்கிறது. ஒரே முகவரி இரண்டு வீட்டுக்கு எப்படி இருக்க முடியும் என்பது இரண்டாவது. மடிக்கணினியில் திறந்த பக்கம், அதே வைஃபையில் இணைந்திருந்த செல்பேசியில் ஏன் திறக்கவில்லை என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பதற்கு, ஒரு கோளாறைக் கோளாறு என்று ஒதுக்காமல் உற்றுப் பார்க்கும் கண் வேண்டும்.

முதல் கேள்விக்கு விடை எளிது. சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டி ஒரு முழுமையான சிறு கணினி. அதற்குள் ஒரு செயலி, கொஞ்சம் நினைவகம், பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் வலைப்பக்கங்களை வழங்கும் ஒரு சிறு நிரல் எல்லாம் உண்டு. செட்டிங்ஸ் பக்கம் பெட்டிக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. மடிக்கணினி கேட்டது, பெட்டி கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே இருந்தது கூடத்தின் காற்று மட்டும்தான். தெருவில் அறுந்த கம்பிக்கு இதில் வேலையே இல்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை, முகவரிப் பஞ்சத்தில் தொடங்குகிறது. நாம் பழகிய ஐ.பி. முகவரி 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள், நீளமுள்ள ஓர் எண். அப்படிப்பட்ட எண்கள் மொத்தமே சுமார் 429 கோடிதான். உலகத்துக் கருவிகளுக்கெல்லாம் இது போதாது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1996 பிப்ரவரியில் வெளியான இணைய வழிமுறைகளைப் பதிவு செய்யும் ஆர்.எஃப்.சி. வரிசையின் 1918 என்ற ஆவணம், மூன்று முகவரித் தொகுதிகளை உள்வீட்டுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்கும் 65,536 முகவரிகள். இவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு பொது இணையத்தில் பயணம் போக முடியாது. சென்னையில் அடுக்ககம் தோறும் எஃப்1 என்று ஒரு வீடு இருக்கிறது. ஒரு வளாகத்தின் காவலாளியிடம் இந்தப் பையை எஃப்1-இல் கொடுங்கள் என்று சொன்னால், அது அந்த வளாகத்து எஃப்1-க்குத்தான் போகும். தாம்பரத்து எஃப்1 பற்றி அவர் யோசிக்கவே வேண்டியதில்லை. 192.168.1.1 என்பதும் அப்படி வாசலுக்கு உள்ளே மட்டும் பொருள்படும் எண். எல்லா நிறுவனங்களும் இதே எண்ணை வைப்பதில்லை. சில பெட்டிகளில் 192.168.0.1 என்றிருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும்.

தட்டப்பட்ட எண் தன் வளாகத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை மடிக்கணினி எப்படி முடிவு செய்கிறது? வைஃபையில் சேர்ந்தவுடனேயே ரூட்டர் அதற்கு ஒரு முகவரியையும், 255.255.255.0 போன்ற ஒரு முகமூடி எண்ணையும், வெளியே போவதற்கான வாசலின் முகவரியையும் கொடுத்துவிடுகிறது. 255 என்பதை இரும எண்ணாக எழுதினால் எட்டு ஒன்றுகள். 0 என்பது எட்டுச் சுழியங்கள். முகமூடியில் ஒன்று இருக்கும் இடங்களில் முகவரியின் பிட்டை அப்படியே விட்டுவிட்டு, சுழியம் இருக்கும் இடங்களில் அழித்துவிட வேண்டும். மடிக்கணினியின் முகவரி 192.168.1.7 என்றால் மிஞ்சுவது 192.168.1.0. தேடும் முகவரியான 192.168.1.1-ஐயும் அப்படியே அழித்தால் மிஞ்சுவது அதே 192.168.1.0. இரண்டும் ஒன்றாக இருப்பதால் தேடும் ஆள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார். வேறாக இருந்தால் செய்தியை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். கணக்கு ஆசிரியர் இதைத் தாளில் போட்டுப் பார்த்தால் மகிழ்வார்.

ஆனால் ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டதே தவிர, எங்கே என்று இன்னும் தெரியவில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் கூடிவிடுகிறது. வைஃபை ரேடியோவுக்கு 192.168.1.1 என்ற எண் ஒரு பொருட்டே அல்ல. அதற்குத் தெரிந்ததெல்லாம் மேக் முகவரி என்ற 48 பிட் எண் மட்டுமே. வழக்கமாகத் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்கும் பதிக்கப்படுவது, முதல் 24 பிட் தயாரித்த நிறுவனத்தைக் குறிப்பது. ஐ.பி. முகவரிக்கும் மேக் முகவரிக்கும் கணக்கு முறையில் எந்த உறவும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கண்டுபிடிக்கச் சூத்திரமும் கிடையாது, தேடிப் பார்க்க மையப் பதிவேடும் கிடையாது.

மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடப்பதைப் பார்ப்போம். வாசலில் ஒரு கார் வழியை மறித்து நிற்கிறது. உள்ளே ஐந்நூறு பேர். வண்டி யாருடையது என்று தெரியாது. தெரிந்தது எண் மட்டும். மைக்கைப் பிடித்து, 4732 என்ற எண்ணுள்ள வெள்ளை வண்டிக்கு உரியவர் வாசலுக்கு வரவும் என்று ஒருவர் அறிவிக்கிறார். ஐந்நூறு பேர் காதிலும் விழுகிறது. 499 பேர் பந்தியை நோக்கித் திரும்பிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் சாவியைத் தடவிக்கொண்டு எழுந்து வருகிறார். வந்தவர் மைக்கைப் பிடித்து மண்டபத்துக்கே பதில் சொல்வதில்லை, கூப்பிட்டவரிடம் மட்டும் பேசுகிறார்.

இதையே மடிக்கணினி செய்கிறது. 48 பிட்டும் ஒன்றாக இருக்கும் ஒரு சிறப்பு முகவரி உண்டு. அதற்கு அனுப்பினால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பியதாகப் பொருள். 192.168.1.1 யார் என்று அந்த முகவரிக்கு ஓர் அறிவிப்பு போகிறது. தொலைக்காட்சி கேட்கிறது, பேரனின் டேப்லெட் கேட்கிறது, கண்காணிப்புக் கேமரா கேட்கிறது. எல்லாம் பேசாமல் இருந்துவிட, ரூட்டர் மட்டும் நான்தான், என் மேக் முகவரி இது என்று கேட்ட கணினிக்கே தனியாகப் பதில் அனுப்புகிறது. ஏ.ஆர்.பி. எனப்படும் இந்த முறையை, எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 826 என்ற ஆவணமாக எழுதினார். அதில் நான் மிகவும் ரசிப்பது ஒரு சிறு நுணுக்கம். கேட்கும் கருவி தன்னுடைய ஐ.பி. முகவரியையும் மேக் முகவரியையும் அந்தக் கேள்விக்குள்ளேயே சொல்லிவிடுகிறது. ஆகவே பதில் சொல்லும் கருவி, கேட்டவர் எங்கே நிற்கிறார் என்று இன்னொரு முறை கூவ வேண்டியதில்லை. ஒரு கேள்வி, ஒரு பதில், இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டாயிற்று. இந்தச் செய்தியின் அளவு 28 பைட். வருகிறேன் என்ற ஒற்றைச் சொல்லை யூனிகோடில் வழக்கமான முறையில் சேமிக்கவே 27 பைட் ஆகிறது என்பதை நினைத்தால் அதன் சிக்கனம் விளங்கும்.

தெரிந்துகொண்ட விடையைக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஏ.ஆர்.பி. என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளியையும், ஒரு சிறு கோட்டையும், ஏ என்ற எழுத்தையும் தட்டினால், இப்போது அந்தக் கணினிக்குத் தெரிந்த அண்டைக் கருவிகளின் பட்டியல் வரும். இடப்பக்கம் ஐ.பி. முகவரிகள், நடுவில் மேக் முகவரிகள். நான்கு ஒன்றுகளைச் சேர்த்து எஃப் என்று சுருக்கி எழுதுவது வழக்கம். அந்த எழுத்து பன்னிரண்டு முறை வரும் வரிதான் மண்டபத்து மைக்.

பிளம்மரின் ஆவணம் இன்றும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கக்கூடியது. பல்கலைக்கழகங்களிலும் அரசுப் பணத்திலும் வளர்ந்த ஆராய்ச்சிச் சூழலில் இருந்து வந்தது. நம் நாட்டில் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைக் கணினி வலையில் இணைக்க 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டமும் அரசுப் பணத்தில் நடந்ததுதான். அதில் பங்கேற்ற தொடக்கக் கால நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. மூன்று ஆண்டுகளில் விற்பனைக்கு என்ன வரும் என்று கேட்டுவிட்டு நிதி ஒதுக்கும் பழக்கம், இப்படிப்பட்ட அடித்தள வேலைகளுக்குப் பெரிய தடை என்பது என் உறுதியான கருத்து. 28 பைட் செய்தியை விற்க முடியாது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது இல்லாமல் நங்கநல்லூர் வீட்டில் ஒரு பக்கமும் திறக்காது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். செல்பேசி வைஃபையில் சேர்ந்தவுடன், இந்த வழியாக உண்மையிலேயே இணையத்துக்குப் போக முடிகிறதா என்று தானாகவே ஒரு சோதனை செய்து பார்க்கிறது. கம்பி அறுந்திருந்ததால் சோதனை தோற்றது. வைஃபை அடையாளம் திரையில் தெரிந்தாலும், சிம் கார்டின் மொபைல் டேட்டா இயங்கிக்கொண்டிருந்ததால், எல்லாப் போக்குவரத்தையும் செல்பேசி அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. 192.168.1.1-ஐத் தேடும் செய்தியும் கூடத்தில் இருக்கும் ரூட்டரை விட்டுவிட்டு, செல்பேசிக் கோபுரத்துக்குப் போயிற்று. அங்கே அந்த எண்ணுக்கு அவர் தேடிய பொருள் கிடையாது. பிரவுசர் காத்திருந்து சலித்துக் கைவிட்டது. மடிக்கணினிக்கு வைஃபையைத் தவிர வேறு வழியே இல்லாததால் அது தப்பியது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயன்றால் செல்பேசியிலும் பக்கம் திறக்கும். திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: 1 என்ற எண்ணுக்குப் பதிலாக அதே போல் தோன்றும் ஆங்கில எல் எழுத்தைத் தட்டிவிட்டால், பிரவுசர் அதை முகவரியாக எடுத்துக்கொள்ளாமல் தேடுபொறிக்கு அனுப்பிவிடும். அங்கே வரும் ஏதாவது ஒரு பக்கத்தில் ரூட்டரின் பாஸ்வேர்டைத் தட்டிவிடக் கூடாது.

பக்கம் திறந்தபின், இது பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் எச்சரித்ததாகவும் ஆசிரியர் எழுதியிருக்கிறார். வங்கியின் தளத்துக்குப் பூட்டுச் சின்னம் கிடைப்பது, இந்த முகவரி இன்னாருடையதுதான் என்று ஒரு சான்றிதழ் நிறுவனம் உறுதி கூறுவதால். எண்ணற்ற வீடுகளில் ஒரே நேரத்தில் இருக்கும் 192.168.1.1 யாருடையது என்று எந்த நிறுவனம் உறுதி கூற முடியும்? ஆகவே எச்சரிக்கை வருவது இயல்பு. அதற்காக அது வெறும் சடங்கும் அல்ல. ஏ.ஆர்.பி.யில் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. மண்டபத்தில் வேறொருவர் எழுந்து வந்து அது என் வண்டிதான் என்று சொன்னால் அறிவித்தவர் நம்பிவிடுவது போல, வீட்டு வைஃபைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட ஒரு கருவி நான்தான் ரூட்டர் என்று பொய் சொன்னால் மடிக்கணினி நம்பிவிடும். வைஃபையின் மறையாக்கம் தெருவில் நிற்பவரைத் தடுக்கும், உள்ளே வந்துவிட்டவரைத் தடுக்காது. வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

செட்டிங்ஸ் பக்கத்தின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. பல வீடுகளில் இரண்டாவதை மாற்றியிருப்பார்கள், முதலாவது வாங்கிய நாளில் இருந்த அட்மின் என்பதாகவே கிடக்கும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகள் சுமார் 60 அடங்கிய ஒரு பட்டியலை வைத்துக்கொண்டே உலகெங்கும் கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிக் கைப்பற்றிய கருவிகளைக் கொண்டு தளங்களின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டின் என்ற நிறுவனத்தின் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. எல்லாப் பெட்டிக்கும் பொதுவான பாஸ்வேர்டோடு கருவிகளை விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடை செய்திருக்கிறது. இங்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று விரும்புகிறேன். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாலே இணைப்பு கெட்டுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். சேமி என்ற பொத்தானை அழுத்தாதவரை, பார்ப்பதால் எதுவும் மாறாது.

ஆசிரியர் அந்தப் பயமில்லாமல் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். கம்பி அறுந்திருந்த இரண்டு நாளும் வெளி இணைப்பின் முகவரி என்ற வரியில் 0.0.0.0 என்றே இருந்தது. மூன்றாம் நாள் காலை கம்பியை ஒட்டிவிட்டுப் போன சிறிது நேரத்தில், விளக்கு பச்சையாகி, அந்த வரியில் 100.72 என்று தொடங்கும் ஓர் எண் வந்து உட்கார்ந்ததாம். அந்த எண்ணிலும் ஒரு செய்தி இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகளை, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சேவை நிறுவனங்களுக்காக 2012 ஏப்ரலில் ஒதுக்கி வைத்தார்கள். அவர் வீட்டு ரூட்டர் வாசல் என்று நினைத்த இடம், இன்னும் பெரிய ஒரு வளாகத்தின் உள்ளே இருக்கும் எஃப்1.