தோட்டாக் கூட்டை எவ்வளவு சுருக்குவது?

துப்பாக்கி சுட்ட பிறகு தோட்டாவில் மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும்தான். குண்டு போய்விட்டது, மருந்து எரிந்துவிட்டது, அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் பயனற்றுப் போனது. ஆனால் பெரும்பாலும் இந்த நான்கில் விலை கூடியது கூடுதான். அதனால் அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்ட பலர், கூடுகளைப் பொறுக்கி வந்து புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். அங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட வேலை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்கே உரிமம் வேண்டும்.

வெடித்தபோது உப்பிப்போன கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்குவதுதான் இந்த வேலையின் முதல் கட்டம். சுருக்கித் தருவது டை. உள்ளே தோட்டாவின் வடிவத்தில் குடையப்பட்ட கெட்டி எஃகுத் துண்டு அது. ஆர்சிபிஎஸ், லீ, ரெட்டிங், ஹார்னடி என்று யார் செய்தாலும், வெளியே இருக்கும் மரை அநேகமாக ஒரே அளவுதான்: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. கூட்டை டைக்குள் ஏற்றும் நெம்புகோல் கருவியான கைப் பிரஸ், யார் செய்ததாக இருந்தாலும், பெரும்பாலும் எந்த டையையும் அதில் பூட்டிவிடலாம். உள்ளே குடைந்திருக்கும் அளவில்தான் வித்தியாசம். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் அதை வைத்துத்தான்.

கூடு ஏன் உப்புகிறது, உப்பியது எப்படி வெளியே வருகிறது என்று முதலில் பார்க்கலாம். ஏஆர்-15 ரகத் துப்பாக்கிகளில் பயன்படும் .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் பித்தளைச் சுவர் விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரோடு ஒட்டி, புகை பின்னால் வராமல் அடைத்துக்கொள்கிறது. குண்டு குழாயை விட்டுப் போனதும் அழுத்தம் இறங்குகிறது, கூடு கொஞ்சம் சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. இந்தக் கொஞ்சம்தான் முக்கியம். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை நன்றாகக் கெட்டிப்பட்ட நிலையில் சுமார் 0.4 சதவீதம் மீளும். கூட்டின் அடிப்பக்க விட்டம் 9.5 மில்லிமீட்டர் என்றால், மீள்வது 0.04 மில்லிமீட்டருக்குள்தான். பித்தளை மெத்தென்று இருந்தால் அதுகூட மீளாது, சேம்பரிலேயே ஒட்டிக்கொள்ளும். எஃகுக் கூடு பித்தளை அளவுக்கு மீளாது. சோவியத் நாட்டின் 7.62×39 தோட்டா முன்பக்கம் நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் வடிவம் கொண்டது. கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே சுவரிலிருந்து விடுபட்டுவிடும் என்பதால், எஃகுக் கூட்டுக்கு அந்த வடிவம் பெரிய உதவி.

சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கையால் இழுக்கும் ரைஃபிளில் இதெல்லாம் பெரிய தொல்லை இல்லை. சுடுபவர் நிதானமாக, அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகு கூட்டை வெளியே எடுக்கிறார். அடுத்த தோட்டா சற்று இறுக்கமாக இருந்தால் கைக்குத் தெரியும், கொஞ்சம் அழுத்தித் தள்ளுவார். போல்ட்டின் சாய்வுத் திருப்பம் அந்தத் தள்ளலைப் பல மடங்காக்கிக் கொடுக்கும். அதனால்தான் இலக்குச் சுடுதலில் பலர் நெக் டை என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அது குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் சுருக்கும், உடம்பைத் தொடாது. கூடு அந்தத் துப்பாக்கியின் சேம்பருக்கே அளவெடுத்தது போல இருக்கும், பித்தளையும் நீடித்து உழைக்கும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் கை கிடையாது. குழாயிலிருந்து பிரித்து எடுத்த புகையின் ஒரு பங்குதான் போல்ட்டைத் திருகித் திறக்கிறது, அதுவும் சேம்பரில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும்போதே. மூடுவது ஒரு ஸ்பிரிங். தோட்டா இறுக்கமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. போல்ட் முழுதாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளாமல் பாதியில் நின்றால் துப்பாக்கி மக்கர் செய்யும். மோசமான சூழ்நிலையில், சரியாகப் பூட்டாத நிலையில் வெடித்தால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து. அதனால் இங்கே நெக் டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். உடம்பு, அது கழுத்தாகக் குறுகும் சரிவான தோள், கழுத்து மூன்றையும் சுருக்கும் ஃபுல் லெங்த் டைதான்.

தோளை எவ்வளவு பின்னால் தள்ளுவது? கை போல்ட் ரைஃபிளுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும் என்பார்கள். செமி ஆட்டோமேட்டிக்குக்கு மூன்று, நான்கு பங்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர் வரை. இன்னும் தள்ளினால் இன்னும் சுலபமாக உள்ளே போகுமே என்று தோன்றும். போகும்தான். ஆனால் சேம்பரில் அந்த இடைவெளி காலியாக நிற்கும். வெடிக்கும்போது மெல்லிய முன்சுவர் சேம்பரைப் பிடித்துக்கொள்ள, தடித்த அடிப்பாகம் மட்டும் பின்னால் ஓடிப் போல்ட்டில் மோதும். இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபடும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் மெலிந்து, கடைசியில் அடி தனியாகக் கழன்று வந்துவிடும். அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அது முன்னெச்சரிக்கை. அனுபவசாலிகள் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கி, கூட்டுக்குள் விட்டுத் தடவுவார்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கூடு குப்பைக்கு.

அப்புறம், பெயராலேயே விற்பனையாகும் ஸ்மால் பேஸ் டை. இது கூட்டின் அடிப்பக்கத்தைச் சாதாரண ஃபுல் லெங்த் டையை விட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலமோ, சற்றே கூடவோ கூடுதலாகச் சுருக்கும். ‘செமி ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்மால் பேஸ்’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சேம்பர் இறுக்கமாகக் குடையப்பட்டிருந்தாலோ, வேறு யாரோ அகலமான சேம்பரில் சுட்டுப் போட்ட கூட்டைப் பொறுக்கி வந்திருந்தாலோ அது தேவைப்படும். சொந்தத் துப்பாக்கியில் சுட்ட கூட்டுக்கு, ஒழுங்காகப் பொருத்திய சாதாரண டையே பெரும்பாலும் போதும். தேவையில்லாமல் நசுக்கினால் பித்தளையின் ஆயுள்தான் குறையும். பிரஸ்ஸில் கூட்டை ஏற்றவும் அதிக பலம் வேண்டும். மசகு போதவில்லை என்றால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். அதை எடுக்க அடியில் துளையிட்டு மரை வெட்டி இழுக்க வேண்டியிருக்கும். கைத்துப்பாக்கியின் நேரான கூடுகளுக்கு, எஃகை விடக் கடினமான கார்பைடு வளையம் வைத்த டை இருந்தால் மசகு வேண்டாம். கழுத்து குறுகிய ரைஃபிள் கூட்டுக்குக் கார்பைடு டையிலும் மசகு தேவை.

டையை மாற்றாமலே அளவு மாறுவதும் உண்டு. முதலில் சொன்ன அதே மீளும் குணம்தான் காரணம். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் விறைத்து, பிறகு ஒடிகிறதல்லவா? கழுத்தும் தோளும் அப்படித்தான். சுடும்போது விரிந்து, டையில் சுருங்கி, மறுபடி விரிந்து விறைத்துப்போகின்றன. விறைத்த பித்தளை டையை விட்டு வெளியே வந்ததும் கூடுதலாக மீளும். முதல் சுற்றில் சரியாக இருந்த அமைப்பு ஐந்தாம் சுற்றில் நீளமான கூட்டைத் தரும். கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இளக்குவது இதற்காகத்தான். அடிப்பாகம் இளகிவிடக் கூடாது, அழுத்தத்தைத் தாங்குவது அதுதான்.

இந்த இளக்கும் வேலைக்குப் பின்னால் நம் மழைக்காலத்துக்கும் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்கள், மழைக்காலம் முடிவதற்குள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவும், கூட்டை உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். இளக்கினால் இறுக்கம் போய்விடும். இன்றைக்கும் அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் தோளில் தெரியும் நீலம் கலந்த நிறம் அந்தச் சூட்டின் தடம்தான். அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுக் கூடுகளைத் துலக்காதீர்கள் என்று ரீலோடிங் செய்பவர்கள் சொல்வதும் இதனால்தான்.

கழுத்தின் பிடியும் செமி ஆட்டோமேட்டிக்கில் கூடுதலாக இருக்க வேண்டும். போல்ட் தோட்டாவை மேகசினிலிருந்து உருவி வேகமாக முன்னால் அறைகிறது, குண்டின் மூக்கு சரிவில் இடித்துக்கொண்டு ஏறுகிறது. பிடி தளர்ந்திருந்தால் குண்டு உள்ளே இறங்கிவிடும். உள்ளே இடம் குறையக் குறைய அழுத்தம் எகிறும். டைக்குள் இருக்கும் உருண்டை, கழுத்தின் உள்விட்டத்தைக் குண்டை விட ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அங்குலம் சிறிதாக விட்டால் பிடி சரியாக இருக்கும். கழுத்து விளிம்பை உள்நோக்கி மடக்கும் கிரிம்ப் டையையும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். அது கட்டாயமில்லை. ஒரே நீளத்துக்கு வெட்டாத கூடுகளில் கிரிம்ப் போட்டால், நீளமான கூட்டின் தோள் பிதுங்கி, சுருக்கிய வேலை அத்தனையும் வீணாகும்.

எந்த டை வாங்கினாலும் கூடவே ஒரு கேஸ் கேஜ், அதாவது கூட்டை உள்ளே போட்டு அளவு சரிபார்க்கும் அச்சு, வாங்குவது நல்லது. இரண்டாவது டையை விடக் குறைந்த செலவுதான். டையைப் பெட்டியில் இருக்கும் குறிப்புப்படி அடிவரை முறுக்காமல், சற்று மேலே நிறுத்தி ஒரு கூட்டைச் சுருக்கி, கேஜுக்குள் போட்டு, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முறுக்கி, மறுபடி பார்க்க வேண்டும். சுட்ட கூட்டை விடத் தோள் 0.1 மில்லிமீட்டர் இறங்கியதும் பூட்டு நட்டை இறுக்கிவிடலாம். அப்போதும் அடிப்பக்கம் கேஜில் தட்டினால், ஸ்மால் பேஸ் டைக்குச் செலவு செய்யலாம்.